தயிர், மோர், வெண்ணெய்: ஒன்றரை ஷிப்ட் உடம்புக்கு

ஊத்துக்குளி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு வெண்ணெய்தான் நினைவுக்கு வரும். ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன ஊரின் பெயரைச் சொல்லியே தமிழ்நாடெங்கும் வெண்ணெயும் நெய்யும் விற்கிறார்கள். எருமைப் பாலில் கொழுப்பு 6 முதல் 7 விழுக்காடு வரை இருக்கும். ஒரு கிலோ வெண்ணெயில் ஏறக்குறைய 800 கிராம் கொழுப்பு. ஆக, ஒரு கிலோ வெண்ணெய் எடுக்க 12, 13 லிட்டர் பாலைத் தயிராக்கிக் கடைய வேண்டும். வெண்ணெய் திரண்டு வந்தபின் பானையில் மிஞ்சுவது 11, 12 லிட்டர் மோர். காசு வெண்ணெய்க்குத்தான், மோருக்கு யாரும் பெரிய விலை வைப்பதில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட், அதாவது 12 மணி நேரம், அயர்ன் டேபிளிலோ பவர் டேபிளிலோ இருக்கிற உடம்புக்கு எது வேண்டும் என்று கேட்டால், நான் அந்த விலையில்லாத மிச்சத்தைத்தான் சொல்வேன். வெண்ணெய் நாக்குக்கு நல்லது. மோர் வேலைக்கு நல்லது.

இந்த மிச்சத்தை மிகக் கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்தியவர்கள் பாரசீக நாட்டு மேய்ச்சல் மக்கள். சாக்ரோஸ் மலைகளில் ஆடு ஓட்டித் திரியும் பக்தியாரிகளும் கஷ்காய்களும் பாலைப் பாலாகவே சுமந்துகொண்டு மலை ஏற முடியாது. அதனால் உறை ஊற்றி ‘மாஸ்த்’ என்னும் தயிராக்குவார்கள். ‘மஷ்க்’ என்னும் ஆட்டுத்தோல் பையில் தயிரை ஊற்றி முக்காலியில் கட்டித் தொங்கவிட்டு முன்னும் பின்னும் ஆட்டினால் வெண்ணெய் திரளும். மிஞ்சுவது ‘தூக்’, நம்முடைய மோர். அந்த மோரையும் விடுவதில்லை. கொதிக்கவைத்து, திரிந்து வருவதை வடிகட்டி, உப்புச் சேர்த்து உருண்டை பிடித்து வெயிலில் காயப்போட்டால் ‘கஷ்க்’. கல் மாதிரி ஆகிவிடும் அந்த உருண்டையைக் குளிர்காலத்தில் தண்ணீரில் கரைத்துக் கீரை சேர்ந்த நூடுல்ஸ் கஞ்சியிலும், வதக்கிய கத்தரிக்காயிலும் ஊற்றிச் சாப்பிடுவார்கள். கஷ்க் எடுத்தபின் நிற்கும் தெளிநீரைக்கூடக் காய்ச்சிக் காய்ச்சிச் சுண்டவைத்து, ‘கரா குருத்’ என்று கறுப்பாக, பல் கூசும் புளிப்பில் ஒரு பண்டம் செய்துவிடுகிறார்கள்.

நம் ஊரில் மோரை உருண்டை பிடித்துக் காயவைக்கும் வழக்கம் இல்லை. ஆனால் மோர்மிளகாய் இருக்கிறது. கீறிய மிளகாயை உப்புப் போட்ட புளித்த மோரில் இரவெல்லாம் ஊறவைத்து, பகலில் வெயிலில் காயவைத்து, மாலையில் மறுபடி அதே மோரில் போட்டு, மோர் முழுவதும் மிளகாய்க்குள் இறங்கும்வரை விடாமல் செய்வது. கோடை வெயிலைச் சமையல்காரராக வைத்துக்கொண்டு மோரை மழைக்காலத்துக்குக் கொண்டுபோகும் வேலைதான் இரண்டும்.

உறை ஊற்றுவது

பாலில் உள்ள சர்க்கரையை (லாக்டோஸ்) நுண்ணுயிர்கள் தின்று லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. புதுப்பாலின் அமிலக் குறியீடு, அதாவது பிஹெச், 6.6 அளவில் இருக்கும். அது 4.6 அளவுக்கு இறங்கும்போது பாலின் புரதம் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டிப்படுகிறது. தயிர் உறைவது இவ்வளவுதான். அந்தப் புளிப்பில் நோய் தரும் கிருமிகள் பலவற்றுக்குப் பெருக முடியாது. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் பாலைக் காப்பாற்றிய வழி அது. இன்றும் லைன் வீடுகளில் நாலு பேர் தங்கியிருக்கும் அறையில் குளிர்பெட்டி இருப்பதில்லை. அங்கேயும் இந்த வழிதான் செல்லும்.

பாலைக் கட்டாயம் பொங்கக் காய்ச்சுங்கள். கறந்த பால் நேராக மாட்டிலிருந்து வருகிறது, அது சுத்தம் என்று நினைப்பவர்கள் உண்டு. கன்று வீச்சு நோய்க் கிருமியான புரூசெல்லாவும் காசநோய்க் கிருமியும் காய்ச்சாத பாலில் வரக்கூடியவை. தயிரின் புளிப்பை நம்பி அவற்றை விட்டுவிட முடியாது. காய்ச்சிய பால் ஆறி, விரலை விட்டால் இதமான சூடு தெரிகிற பதத்தில் உறைமோர் ஊற்ற வேண்டும். அதற்குமேல் சூடு இருந்தால் உறையிலுள்ள உயிர் செத்துவிடும். முழுக்க ஆறிவிட்டால் உறைய நேரமாகும், தயிர் கொழகொழவென்று நூல்விடவும் செய்யும்.

அரை லிட்டர் பாலுக்குக் கோடையில் ஒரு தேக்கரண்டி உறைமோர் போதும். சித்திரை, வைகாசியில் 5, 6 மணி நேரத்தில் உறைந்துவிடும். இரவு ஷிப்டுக்குப் போகும்போது ஊற்றிவிட்டுப் போனால் காலையில் வருவதற்குள் புளித்துத் தண்ணீர் விட்டிருக்கும். கோடையில் இரவு ஷிப்ட் ஆட்கள் காலையில் வந்து ஊற்றிவிட்டுத் தூங்குவதுதான் சரி. மார்கழி, தையில் அதே அளவு பாலுக்கு இரண்டு தேக்கரண்டி ஊற்றி, பாத்திரத்தைச் சுற்றிப் பனியன் வேஸ்ட் துணியைக் கெட்டியாகச் சுருட்டிக் கட்டிவையுங்கள். பின்னல் துணி சூட்டைப் பிடித்துவைக்கும். இந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

ஆனால் அந்தத் துணியைப் பாத்திரத்துக்கு வெளியே மட்டும் கட்ட வேண்டும். அதைக்கொண்டு தயிரை வடிகட்டவோ, வாய் திறந்த பாத்திரத்தை மூடவோ வேண்டாம். சாயம், வெளுப்பான், மென்மையாக்க ஊற்றும் சிலிக்கான் எல்லாம் ஏறிய துணி அது. சாப்பாட்டில் படுவதற்காகச் செய்ததில்லை. வடிகட்ட, பல தடவை துவைத்த பழைய வெள்ளை வேட்டித் துண்டு போதும்.

உறைமோர் தீர்ந்துவிட்டால் பச்சை மிளகாய்க் காம்பைப் போடலாம் என்பார்கள். காம்பில் கொஞ்சம் நுண்ணுயிர் இருப்பது உண்மை. எது எவ்வளவு இருக்கும் என்பது அதிர்ஷ்டம். பக்கத்து வீட்டில் கேட்பதே மேல். என்ன, பொழுது சாய்ந்தபின் கேட்டால் “வெளக்கு வெச்சாச்சு கண்ணு, காத்தால வந்து வாங்கிக்க” என்றுதான் பதில் வரும். எங்கள் பக்கத்தில் அந்தி சாய்ந்து தயிரும் உப்பும் வெளியே கொடுக்கமாட்டார்கள். நாலு மணிக்குள் கேட்டுவிடுங்கள்.

பால் உறையில் எழுதியிருக்கும் கொழுப்பைப் பாருங்கள். 3 விழுக்காடு என்றால் சமன்படுத்திய பால். மோருக்கு அது போதும், காசும் மிச்சம். 6 விழுக்காடு நிறைகொழுப்புப் பாலில் தயிர் வெட்டினால் துண்டாக நிற்கும். ஆடை எடுத்து வெண்ணெய் கடைய விரும்புகிறவர்கள் அதை வாங்கலாம். வீட்டு வெண்ணெயை உருக்கும்போது கடைசியில் ஒரு கொத்து முருங்கைக்கீரை போடுவது கொங்கு நாட்டுப் பழக்கம். அந்தக் கீரை மொறுமொறுவென்று வந்ததும் அடுப்பை அணைக்க வேண்டும் என்பது கடிகாரம் பார்க்காத சமையலின் கணக்கு.

தண்ணீரும் பாத்திரமும்

நல்ல தயிர் கெட்ட மோராவது தண்ணீரால். தயிரில் நோய்க் கிருமிகள் பல பெருக முடியாது என்றேன். நாலு பங்கு தண்ணீர் ஊற்றியதும் அந்தக் காவல் தளர்ந்துவிடும். திருப்பூரில் எந்தத் தண்ணீரைக் குடிக்கலாம், எதைக் குடிக்கக்கூடாது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். சாயக்கழிவு இறங்கிய நொய்யல் ஆற்றோரத்துப் பல கிணறுகளின் கதை நமக்குத் தெரியும். சாயக்கழிவு நீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாத நிலை வராததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. சுத்திகரிப்பு வந்தாலும் மண்ணுக்குள் இறங்கிய உப்பு உடனே போய்விடாது. போர் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பும் உலோகமும் சாகாது. மோருக்குக் குடிநீர்க் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றுங்கள், அல்லது நம்பிக்கையான கேன் தண்ணீர்.

சாயப்பட்டறைக்கு மருந்து வந்த நீலக் கேனையும் பீப்பாயையும் கழுவித் தண்ணீர் பிடித்துவைக்கும் வழக்கம் ஊரில் இன்னும் இருக்கிறது. எத்தனை தடவை கழுவினாலும் பிளாஸ்டிக்குக்குள் ஊறியது வெளியே வரும்; புளித்த மோர் ஊற்றினால் இன்னும் வேகமாக வரும். சிறிதும் வேண்டாம். அலுமினியம், ஈயம் பூசாத பித்தளை, செம்பு இவற்றிலும் தயிரோ மோரோ வைக்காதீர்கள். அமிலம் உலோகத்தைக் கரைக்கும். எவர்சில்வர், கண்ணாடி, மண்சட்டி மூன்றும் நல்லவை. மண்சட்டி கூடுதல் தண்ணீரை உறிஞ்சித் தயிரைக் கெட்டியாக்கும், வெளிப்புறம் வியர்த்துக் குளிரவும் வைக்கும்.

தெருவில் மோர் குடிப்பதானால் ஐஸைப் பாருங்கள். உணவுக்கு ஆகாத ஐஸில் நீல நிறம் கலந்திருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. வெள்ளையாக இருப்பதெல்லாம் நல்ல தண்ணீரில் செய்ததென்றும் அர்த்தமில்லை. ஐஸ் போடாத பானை மோர்தான் என் தேர்வு.

எதற்கு உதவும், எதற்கு உதவாது

தயிருக்கு ஆயுளைக் கூட்டும் சக்தி இருக்கிறது என்று நூறாண்டுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பல்கேரியத் தயிரிலிருந்து அதன் நுண்ணுயிரை ஸ்தாமென் கிரிகோரோவ் 1905-இல் அடையாளம் கண்டார். நோயெதிர்ப்பு ஆய்வுக்காக 1908-இல் நோபல் பரிசு பெற்ற இலியா மெச்னிகோவ் அதைப் பிடித்துக்கொண்டு, முதுமையைத் தள்ளிப்போடும் வழி என்று பேசினார். அவருடைய நம்பிக்கை உலகமெங்கும் தயிர் வியாபாரமாகிவிட்டது. மெய்ப்பிக்கப்பட்டது அவ்வளவு பெரிதில்லை, ஆனால் பயனுள்ளது.

உறுதியானது இது. பால் குடித்தால் வயிறு உப்பி, கடமுடவென்று கழிச்சலாகிறவர்கள் நம்மில் நிறைய. வளர்ந்தபின் பால்சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுவதால் வருவது. தயிரில் அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கு ஏற்கெனவே தீர்ந்துவிட்டது; மிச்சத்தைச் செரிக்க உயிருள்ள தயிர் நுண்ணுயிர்களே குடலில் உதவுகின்றன. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நுண்ணுயிர் உணவுகளைப் பற்றி வந்த பல விளம்பர வாசகங்களை நிராகரித்தபோதும், இந்த ஒன்றை 2010-இல் ஏற்றது. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் தயிரையும் சேர்த்து ஒதுக்க வேண்டியதில்லை.

இன்னொன்று அரை உறுதி. வாரத்துக்கு மூன்று தடவையாவது தயிர் சாப்பிடுவது இரண்டாம் வகை நீரிழிவின் அபாயத்தைக் குறைக்கலாம், சான்று குறைவுதான் என்ற எச்சரிக்கையோடு உறையில் அச்சிட்டுக்கொள்ள அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 மார்ச்சில் அனுமதித்தது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர் இதை நம்பி மாத்திரையை நிறுத்தக்கூடாது. சர்க்கரை கொட்டிய லஸ்ஸிக்கும் இது பொருந்தாது.

இவை தவிர, 100 கிராம் தயிரில் 3 கிராமுக்கு மேல் புரதமும் 120 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியமும் கிடைக்கின்றன. கறி, முட்டை தொடாதவர்களுக்கு பி12 கிடைக்கும் மிகச் சில வழிகளில் தயிரும் ஒன்று.

வியர்வையோடு போவது தண்ணீரும் உப்பும். அயர்ன் செக்‌ஷனிலும், துணியைச் சூட்டில் இறுக்கும் காம்பாக்டிங்கிலும் நிற்பவருக்கு உப்புப் போட்ட மோர் இரண்டையும் திருப்பித் தருகிறது. டீயைப்போல் அடுத்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் உதவுவதோடு நில்லாமல் வயிற்றையும் கொஞ்சம் தாங்குகிறது. ஒரு லிட்டர் மோருக்கு அரைத் தேக்கரண்டி உப்புக்குமேல் வேண்டாம். நாளொன்றுக்கு மொத்தமே 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மோரில் உப்பைக் குறைத்து, மோர்மிளகாயைத் தொடாமலிருப்பது நல்லது.

உதவாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். பஞ்சுத் தூசி மூச்சில் போனால் நுரையீரலுக்குப் போகிறது. மோரும் வெல்லமும் போவது இரைப்பைக்கு. இவை தூசியை இறக்கும் என்று சொல்லிக்கொண்டு முகக்கவசத்தைக் கழற்றி வைக்காதீர்கள். கடும் வயிற்றுப்போக்கில் மோர் ஓ.ஆர்.எஸ். கரைசலுக்கு ஈடாகாது. வெயிலில் சுயநினைவு தப்பி விழுந்தவர் வாயில் மோரை ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். உடம்பில் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்து 108-ஐ அழையுங்கள்.

பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு. தயிரில் இரும்புச்சத்து இல்லாத குறையோடு, அதன் கால்சியம் இரும்பு மாத்திரை உடம்பில் சேர்வதையும் தடுக்கும். மாத்திரைக்கும் தயிர்ச்சாதத்துக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரைகளுக்கும் இதே விதிதான்.

உயிருள்ள நுண்ணுயிர் வேண்டுமென்றால் சோறு ஆறிய பிறகு தயிரைப் பிசையுங்கள். ஆவி பறக்கும் சோற்றில் அது செத்துவிடும். மோர்க்குழம்பிலும் அப்படித்தான், அதற்காகக் குழம்பைக் கைவிட வேண்டாம், புரதமும் கால்சியமும் எங்கேயும் போகவில்லை. தயிர்ச்சாதத்தைக் காலை ஏழு மணிக்குக் கட்டி மதியம் சாப்பிடுகிறவர்கள் பாதிப் பால், பாதித் தயிர் சேர்த்துப் பிசைந்தால் புளிப்பு ஏறாது. இரவுச் சாப்பாட்டுக்கும் சேர்த்து அதையே வைத்திருக்கக்கூடாது; தயிர் தாங்கும், ஆறிப்போன சோறு தாங்காது.

ஈரானிடமிருந்து இரண்டு

முதலாவது, தூக். நம் மோரைவிடக் கெட்டி. ஒரு பங்கு தயிருக்கு இரண்டு பங்கு தண்ணீர், உப்பு, நிழலில் உலர்த்திக் கையால் நொறுக்கிய புதினா. கலந்து இரண்டு மூன்று மணி நேரம் மண்சட்டியில் வைத்துவிட்டுக் குடிக்கலாம். பச்சைப் புதினாவை அரைத்துப் போட்டால் கசக்கும், நிறமும் கறுக்கும். இதிலேயே வெள்ளரிக்காய், உலர் திராட்சை, அக்ரூட், காய்ந்த ரொட்டித் துண்டு போட்டுக் கோடை மதியச் சாப்பாடாகவே ஈரானியர்கள் முடித்துவிடுவார்கள். மோர் ஊற்றிய கம்மங்கூழும் கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும் தெரிந்த நமக்கு அது புதுமையாகத் தோன்றாது. ஒடிசாவிலிருந்து வந்து நம் கம்பெனிகளில் வேலை செய்பவர்களுக்குத் தயிர் சேர்த்த ‘பொகாளோ’ என்னும் நீர்ச்சோறு தெரியும். பீகார்க்காரர்களுக்குத் தயிரும் அவலும். கேன்டீன்காரர்கள் ஒரே அண்டாத் தயிரில் எல்லாரையும் திருப்திப்படுத்திவிடலாம்.

இரண்டாவது, வடித்த தயிர். துணியில் கட்டி நாலைந்து மணி நேரம் தொங்கவிட்டால் பாதியாக வற்றும், புரதம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சப்பாத்திக்குத் தடவிக்கொள்ளலாம், ஈரானில் ஒரு வகைக் காட்டு வெங்காயத்தைச் சேர்ப்பார்கள், நாம் சின்ன வெங்காயத்தைப் பொடியாக அரிந்து போடலாம். வடிந்த நீரைக் கொட்டாமல் சப்பாத்தி மாவு பிசையுங்கள்.

கஷ்க்கை மட்டும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். சரியாகக் காயாமலும் உப்பு போதாமலும் போன நாட்டுக் கஷ்க்கால் ஈரானிலேயே பாட்டுலிசம் என்னும் உயிருக்கு ஆபத்தான நஞ்சேற்றம் வந்திருக்கிறது. அங்கே வாங்கிய கஷ்க்கையும் கொதிக்கவைத்தே சாப்பிடச் சொல்கிறார்கள். நமக்கு மோர்மிளகாய் போதும்.

காங்கேயம் பால்

கிளுவை வேலி கட்டிய கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப்புல் மேய்ந்து வளரும் காங்கேயம் மாடு உழவுக்கும் வண்டிக்கும் பேர் போனது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் பேணி வளர்த்த இனம். பால் கொஞ்சம்தான் கறக்கும். அதனால் அந்தப் பாலின் விலை அதிகம். விலைக்குக் காரணமாக ‘ஏ2’ என்ற முத்திரையைக் காட்டுகிறார்கள். ஏ1, ஏ2 என்பவை பாலிலுள்ள கேசின் புரதத்தின் இரண்டு வகைகள். ஏ1 பாலால் நோய் வருகிறது என்பதற்குக் காரண-விளைவுத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-இல் சொன்னது. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஆகஸ்டில் இந்த முத்திரைகளை நீக்கச் சொல்லி, சில நாட்களிலேயே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. என் கருத்து: கையில் காசு இருந்தால் காங்கேயம் பாலை வாங்குங்கள், அந்த மாடும் கொரங்காடும் பிழைத்திருப்பதற்காக. மருந்தென்று நினைத்து, கடன் வாங்கி, வாங்க வேண்டாம். சாதாரண பாலில் உறைந்த தயிரும் இந்த அத்தியாயத்தில் சொன்ன எல்லாவற்றையும் செய்யும்.

கம்பெனி நடத்துபவர்களுக்கு

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கோடையில் குளிர்ந்த குடிநீருக்கு ஏற்பாடு வேண்டும் என்று எழுதிவைத்தது. மோரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு லிட்டர் தயிரில் 4 லிட்டர் நல்ல தண்ணீர் ஊற்றினால் 200 மில்லி டம்ளரில் 25 பேருக்கு வரும். நூறு பேர் உள்ள கம்பெனிக்கு ஒரு வேளைக்கு 4 லிட்டர் தயிர், இரண்டு தேக்கரண்டி நிறைய இஞ்சித் துருவல், ஒரு கட்டுக் கொத்தமல்லி, ஒரு கொத்துக் கறிவேப்பிலை, 10 தேக்கரண்டி உப்பு. மதியம் மூன்று மணி டீயோடு, பங்குனி தொடங்கி வைகாசி முடியும்வரை இதையும் கொடுங்கள்.